இருபது அடித் தண்ணீரும் எட்டாயிரம் லோடு சாம்பலும்

கேள்வி: என் மாமனார் காலத்தில் எங்கள் பட்டா நிலத்தைக் கருப்புக் கல் எடுக்கக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். குத்தகை முடிந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. 2 ஏக்கர் பரப்பில் 60 அடிப் பள்ளம் அப்படியே கிடக்கிறது. சித்திரை வெயிலிலும் 20 அடிக்குத் தண்ணீர் நிற்கிறது. சென்ற ஆண்டு ஆடு மேய்க்க வந்த பையன் ஒருவன் உள்ளே விழுந்து, தெய்வாதீனமாகப் பிழைத்தான். இப்போது ஒரு தரகர் வந்து, அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கொட்டி மூன்றே மாதத்தில் இலவசமாகப் பள்ளத்தை மூடித் தருகிறேன், மேலே ஒன்றரை அடி செம்மண் போட்டால் மாங்கன்று நடலாம் என்கிறார். எந்த மின் நிலையம் என்று சொல்லவில்லை. கையில் 3 லட்சம் ரூபாயும் தருவாராம். கொழுந்தனார் கையெழுத்துப் போடச் சொல்கிறார். 300 அடி தூரத்தில் பங்காளி வீட்டு போர்வெல் இருக்கிறது. அவர்களோ சாம்பல் விஷம் என்று சண்டைக்கு வருகிறார்கள். யார் சொல்வது சரி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பர்கூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். தரகர் சொன்ன வகையில் அந்தப் பள்ளத்தில் சாம்பல் கொட்டக் கூடாது. ஆனால் பங்காளி வீட்டார் சொல்வது போல் சாம்பல் விஷம் என்பதும் சரியல்ல. அதை விஷம் என்று நம்பி நீங்கள் மறுத்தால், நாளை தரகர் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்து காட்டி அந்த நம்பிக்கையை உடைத்துவிடுவார். எதற்காக மறுக்கிறோம் என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூறு லாரி நிலக்கரியை எரித்தால் முப்பது முதல் நாற்பது லாரிச் சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பங்கு சிலிக்காவும் அலுமினாவும். நம் ஊர் மண்ணில் இருப்பவைதான். கூடவே ஆர்செனிக், செலினியம், போரான், குரோமியம், ஈயம் போன்றவை மிகச் சிறிய அளவில் இருக்கும். நிலக்கரியில் பரவிக் கிடந்தவை, கரி எரிந்து போனதும் சாம்பலில் செறிந்துவிடுகின்றன. இதே சாம்பல் சிமெண்டிலும் செங்கல்லிலும் போகிறது. அங்கே கட்டிப்பட்டு இறுகிவிடுவதால் எனக்கு அதில் அச்சமில்லை. என் வீட்டு மதில்சுவரே ஃப்ளை ஆஷ் கல்லில் கட்டியதுதான். காய்ந்த நிலையில் மூடி வைத்த சாம்பலும் பெரிதாகத் தொல்லை தராது. தண்ணீரில் ஊறும் சாம்பல் வேறு. உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி ஒன்றுதான்: சித்திரையிலும் 20 அடித் தண்ணீர்.

மழைத் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தால் நம் வெயிலுக்குக் கோடையில் வெகுவாக இறங்கிவிடும். ஆண்டுதோறும் கோடையிலும் 20 அடி நிற்கிறது என்றால், பாறை வெடிப்புகளின் வழியே நிலத்தடி நீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். உங்கள் பள்ளம் ஒரு பெரிய திறந்த கிணறு. பங்காளியின் போர்வெல்லும் அதுவும் ஒரே தண்ணீரைப் பங்கிட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

கருப்புக் கல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கருப்பு கிரானைட் என்பது உண்மையில் டோலரைட். பழைய பாறையில் விழுந்த நீண்ட பிளவுக்குள் உருகிய குழம்பு ஏறி இறுகியது. நிலத்துக்குள் நிறுத்தி வைத்த சுவர் மாதிரி, அகலம் குறைவாகவும் நீளம் பல கிலோமீட்டராகவும் ஓடும். டைக் என்பார்கள். அந்தச் சுவரும் இரு பக்கத்துப் பாறையும் ஒட்டும் இடத்தில் வெடிப்புகள் அதிகம். போர்வெல் போடுகிறவர்கள் அந்த ஒட்டைத் தேடி அலைவது அதனால்தான். குவாரிக்காரர் வைத்த வெடி அந்த வெடிப்புகளை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஒரு குவாரியிலிருந்து தண்ணீரை இறைத்தபோது சுற்றுவட்டாரக் கிணறுகளை நான் அளந்துகொண்டிருந்தேன். குறுக்கே நூறு மீட்டரில் இருந்த கிணறு அசையவில்லை. டைக் போகும் திசையில் அறுநூறு மீட்டர் தள்ளியிருந்த கிணறு மறுநாளே இறங்கத் தொடங்கியது. ஆகவே 300 அடி என்ற தூரக் கணக்கு மட்டும் போதாது. பங்காளியின் போர்வெல் கல் ஓடும் திசையில் இருக்கிறதா, குறுக்கே இருக்கிறதா என்று பாருங்கள். அதே திசையில் அரைக் கிலோமீட்டரில் வேறொருவர் கிணறு இருந்தால், இன்னும் சண்டைக்கே வராத அவர்தான் முதலில் கவலைப்பட வேண்டியவர்.

ஆற்றோரத்து மணலும் களியும் உள்ள நிலமாக இருந்தால், கரைந்து வருவதில் ஒரு பங்கை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் பாறை வெடிப்பில் அப்படிப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. உள்ளே போனது போனபடியே வெளியே வரும்.

"தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் கொட்டுவோம்" என்று தரகர் சொல்லக்கூடும். இறைத்த தண்ணீர் ஒரு மழைக்காலத்தில் திரும்பி வந்துவிடும். அப்போது அது நிற்பது சாம்பலுக்குள்.

பழைய சுரங்கங்களைச் சாம்பலால் மூடுவது புதிதல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கங்களில் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். அங்கே அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தச் சுரங்கங்களின் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, ஓடைகளையே ஆரஞ்சு நிறமாக்கிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த சாம்பல் அந்த அமிலத்தை முறிக்கிறது. பள்ளமும் மூடுகிறது, அமிலமும் அடங்குகிறது. நம் கல் குவாரியில் அமிலமே கிடையாது. நம் கிணற்று நீர் பெரும்பாலும் லேசான காரம். அமிலத்தில் ஈயம் மாதிரியானவை கரையும் என்றால், ஆர்செனிக், செலினியம், மாலிப்டினம் போன்றவை கார நீரில்தான் மெல்ல அவிழ்கின்றன. பென்சில்வேனியாவில் மருந்தாக இருப்பது பர்கூரிலும் மருந்தாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006இல் இந்த விஷயத்தை விரிவாக ஆராய்ந்து அறிக்கை தந்தது. நிலக்கரிச் சுரங்கத்தைச் சாம்பலால் நிரப்புவது ஏற்கத்தக்க வழிதான் என்றே அது சொன்னது. ஆனால் சாம்பலையும் இடத்தையும் முன்னதாக ஆராய வேண்டும், சாம்பலில் நீர் படுவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும், பிறகும் கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு.

அந்த நிபந்தனைகளை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேரிலாந்து மாநிலத்தின் கேம்பிரில்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அது நிலக்கரிச் சுரங்கமல்ல, மணலும் சரளையும் அள்ளிய குழி. உங்கள் பள்ளத்துக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். 1995 முதல் அங்கே சாம்பல் கொட்டினார்கள், அடியில் நீர் கசியாத விரிப்பு எதுவும் இல்லாமல். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அக்கம்பக்கத்து வீட்டுக் கிணறுகளில் உலோகங்கள் தென்பட்டன. 2007இல் மின் நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் அபராதம். அடுத்த ஆண்டு ஊர்க்காரர்கள் தொடுத்த வழக்கு 5.4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. கொட்டிய ஆண்டுக்கும் கிணறு கெட்டது தெரிந்த ஆண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். நம் தரகரைப் பத்து ஆண்டு கழித்து எந்தத் தொலைபேசி எண்ணில் தேடுவீர்கள்?

இந்தியாவிலும் நடக்கிறது. ஒடிசாவின் தால்சேரில், தெற்கு பலண்டா திறந்தவெளிச் சுரங்கப் பள்ளத்தில் அனல்மின் நிலையச் சாம்பலை நிரப்பினார்கள். அங்கே இருப்பது பெரிய நிறுவனமும், அனுமதியும், கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரிகளும். பட்டா நிலத்தில் இரவோடு இரவாக டிப்பர் சாய்ப்பதை அதோடு ஒப்பிட முடியாது.

இனி அந்த "இலவசம்" என்ற சொல்லைப் பார்ப்போம். 2 ஏக்கர், 60 அடி ஆழம் என்றால் ஏறக்குறைய 1,48,000 கன மீட்டர். கெட்டித்த சாம்பல் கன மீட்டருக்கு 1.1 டன் என்று வைத்தால் சுமார் 1.6 லட்சம் டன். லோடுக்கு 20 டன் என்றால் எட்டாயிரம் லோடு. மூன்று மாதத்தில் முடிக்க நாளொன்றுக்குத் தொண்ணூறு டிப்பர் உங்கள் ஊர்ச் சாலையில் வந்து போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. பள்ளத்தின் சுவர் சரிவாக இருந்தால் அளவு குறையும். பாதி என்றே வைத்தாலும் மூன்று மாதம் என்பது வாய்க்கு வந்த கணக்கு. அல்லது, ஈரமாக்கி அடுக்கடுக்காக உருளை ஓட்டிக் கெட்டிக்கும் எண்ணமே இல்லாதவர் போட்ட கணக்கு. கெட்டிக்காத சாம்பல் ஒவ்வொரு மழைக்கும் அமுங்கும். அதன்மேல் நட்ட மாங்கன்றும் சாயும், போட்ட கொட்டகையும் சாயும்.

எதற்கு இவ்வளவு அக்கறை? 2021 டிசம்பர் 31 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட சாம்பல் அறிவிக்கையின்படி, மின் நிலையங்கள் தங்கள் சாம்பல் முழுவதையும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் பயன்படுத்தாத ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும். உங்கள் பள்ளம் கொள்ளும் 1.6 லட்சம் டன்னை இந்தக் கணக்கில் பெருக்கினால் 16 கோடி ரூபாய் வருகிறது. அவ்வளவும் யாரோ ஒருவர் பையில் போகிறது என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வெற்றுப் பள்ளத்துக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது. 3 லட்சம் அந்த விலைக்குப் பக்கத்தில் கூட இல்லை. கொழுந்தனாருக்கு ஆர்செனிக் பற்றிச் சொல்வதைவிட இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

பள்ளம் தேடி வரும் சாம்பல் எது என்பதையும் கேளுங்கள். புகைபோக்கிக்கு முன்னால் பிடிக்கும் நுண்ணிய உலர் சாம்பலுக்கு சிமெண்ட் ஆலையும் செங்கல் சூளையும் போட்டி போடும். மிஞ்சுவது பெரும்பாலும் சாம்பல் குளத்தில் கிடக்கும் ஈரச் சாம்பலும் கொதிகலன் அடிச் சாம்பலும். நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். குளத்தில் ஊறிய சாம்பலில் எளிதில் கரையும் உப்புகளில் ஒரு பகுதி ஏற்கெனவே கழுவிப் போயிருக்கும். அந்த வகையில் புதுச் சாம்பலைவிட அது சற்று மேல். ஆனால் எது வருகிறது என்று தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. மின் நிலையத்தின் பெயரையே சொல்லாதவரிடம் சாம்பலின் குணத்தைக் கேட்பது எப்படி?

சான்றிதழ் காட்டினால் எண்ணைப் பாருங்கள். ஐஎஸ் 3812 என்று இருந்தால், அது சிமெண்டிலும் காங்கிரீட்டிலும் சேர்க்க ஏற்றதா என்பதற்கான தரம். கிணற்று நீரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. கேட்க வேண்டியது, அந்தச் சாம்பலை உங்கள் பள்ளத்துத் தண்ணீரிலேயே நீண்ட நாள் ஊறவைத்து, என்னென்ன எவ்வளவு கரைகிறது என்று அளந்த அறிக்கை. குப்பைமேட்டுக்காக உருவான, அமிலத்தில் ஒரு நாள் குலுக்கிப் பார்க்கும் சோதனை நம் பக்கத்துக்குப் பொருந்தாது. குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம். இவ்வளவு சிறிய அளவில் நிறமோ நாற்றமோ சுவையோ எதுவும் காட்டிக்கொடுக்காது.

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இது ஒன்றும் புதுப் பாடம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஃபுளோரைடு தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எத்தனை பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையாக இறங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அந்தத் தண்ணீர் உங்கள் தெருக் குழாயில் வருகிறதென்றே வைத்துக்கொள்வோம். மாடு குடிப்பதும், கீரைப் பாத்திக்குப் பாய்வதும், குழாயில் தண்ணீர் வராத நாளில் அடுப்பில் ஏறுவதும் அந்த போர்வெல் தண்ணீர்தானே. ஏற்கெனவே ஒரு சுமை தூக்கும் நிலத்தடி நீரில் இரண்டாவதை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதி இல்லாமல் பள்ளத்திலோ தாழ்நிலத்திலோ சாம்பல் நிரப்ப முடியாது. கைவிட்ட சுரங்கங்களையும் குவாரிகளையும் எப்படி நிரப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அனுமதி பெற்ற இடங்களையும் அளவையும் மாநில வாரியம் ஆண்டுதோறும் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் 2021 அறிவிக்கையில் உண்டு. அனுமதி இருக்கிறது என்று தரகர் சொன்னால், அதன் நகலில் உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஓசூரில் உள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் நேரிலும் கேட்கலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதியும் கேட்கலாம். அனுமதியின்றிக் கொட்டினால், டிப்பர் ஊரைத் தாண்டிய பின் அதிகாரிகள் தேடி வருவது பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துத்தான்.

சரி, பள்ளத்தை என்ன செய்வது? பையன் விழுந்தது உண்மை. அந்தப் பயத்தைத் தள்ளிவைத்துவிட்டு நான் தத்துவம் பேச முடியாது.

குவாரிப் பள்ளத்தில் ஆட்களைக் கொல்வது ஆழத்தைவிடச் செங்குத்துச் சுவர்தான். நீந்தத் தெரிந்தவனுக்கும் கால் வைத்து ஏற இடமிருக்காது. உங்கள் பள்ளத்துக் கரையில் கழிவுக் கல் மலையாகக் குவிந்து கிடக்கும். நான் பார்த்த எந்தக் கருப்புக் கல் குவாரியிலும் அப்படித்தான். வெட்டியதில் பிளாக்காக ஏற்றுமதிக்குப் போவது சிறு பங்கு, மிச்சம் அங்கேயே கிடக்கும். அந்தக் கல்லை ஒரு பக்கத்தில் தள்ளி, தண்ணீர் வரை இறங்கும் சரிவாக அமைத்துவிட்டால் விழுந்தவர் ஏறி வர வழி கிடைக்கும். சுற்றிலும் கம்பி வேலி. அதே பாறையின் கல் என்பதால் தண்ணீரில் புதிதாகக் கரைய எதுவுமில்லை. இரண்டு ஜேசிபி சில வாரம் செய்கிற வேலைதான். ஆனால் உங்கள் நிலத்துக்குள் நகர்த்துவதற்கும் கனிமவளத் துறையில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். வெளியே கிரஷருக்கு விற்பதென்றால் நடைச்சீட்டு இல்லாமல் ஒரு லோடும் போகக் கூடாது. பழைய குத்தகைக் கோப்பையும் அங்கேயே கேளுங்கள். 1999ஆம் ஆண்டின் கிரானைட் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள் நிலத்தைச் சீரமைக்கும் பொறுப்பைக் கல் எடுத்தவர் மேல்தான் வைக்கின்றன. வேலிச் செலவை அவரிடம் கேட்க ஒரு பிடி கிடைத்தாலும் கிடைக்கும்.

மீதித் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். 2 ஏக்கரில் கோடையிலும் 20 அடி என்றால் கிட்டத்தட்ட ஐந்து கோடி லிட்டர். நம் மாவட்டத்தில் இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு அதைத் தூர்க்க வழி கேட்கிறீர்கள். 2017 வறட்சியில் சென்னை நகரம் மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் குடித்தது. உங்கள் தண்ணீரை ஒரு முறை ஆய்வகத்தில் சோதித்துவிட்டு மாந்தோப்புக்குப் பாய்ச்சலாம். மாமரம் வேண்டும் என்பதுதானே ஆசை? பள்ளத்துக்கு மேலே உள்ள நிலத்தில் நடுங்கள். ஒன்றரை அடி செம்மண்ணோடு மாமரத்தின் வேர் நிற்காது. அடியில் சாம்பலைத் தொட்டதும் போரான் மிகுந்தால் இலை ஓரம் கருகும்.

பள்ளத்தை மூடியே ஆக வேண்டும், சாம்பலால்தான் மூட வேண்டும் என்ற நிலை என்றாவது வந்தால், ஒரே ஒரு முறையைத்தான் நான் ஏற்பேன். அடியிலிருந்து, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் ஏறும் உச்ச மட்டத்துக்கு மேலும் சில அடி வரை, கழிவுக் கல். அதன்மேல் கெட்டித்த களிமண்ணும் விரிப்பும். அதற்கு மேல்தான் சாம்பல், அடுக்கடுக்காகக் கெட்டித்து. மேலே மறுபடி களியும் தாராளமான மேல்மண்ணும், மழைநீர் வடிந்தோடும் வாட்டத்தோடு. டைக்கின் இரு திசையிலும் கண்காணிப்புக் கிணறுகள், பல ஆண்டு சோதனைச் செலவு மின் நிலையத்தின் பொறுப்பு என்று எழுத்தில். இதைத் தரகரிடம் சொல்லிப் பாருங்கள். மறுபடி வருகிறாரா என்று எனக்கும் எழுதுங்கள்.

இதற்கிடையில் ஒரு வேலை. நல்ல நைலான் கயிற்றில் அடிக்கொரு முடிச்சு போட்டு, நுனியில் கல் கட்டுங்கள். பள்ளத்தின் விளிம்பில் ஒரே இடத்தில் பெயிண்டால் குறி வைத்து, அங்கிருந்து தண்ணீர் மட்டம் எத்தனை அடி கீழே என்று மாதம் ஒரு முறை, அமாவாசையன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது, அளந்து நோட்டில் எழுதுங்கள். தனியாகப் போக வேண்டாம், இன்னொருவர் உடன் இருக்கட்டும். அதே நாளில் பங்காளி வீட்டு போர்வெல் மட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். மோட்டாரை நிறுத்தி இரவு முழுக்க விட்டபின் காலையில் அளக்க வேண்டும். சண்டையில் இருப்பவர்களிடம் எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். கையெழுத்துப் போடவில்லை என்ற செய்தியோடு போனால் கயிற்றின் மறுமுனையை அவர்களே பிடிப்பார்கள். ஆறு மாத அளவு சேர்ந்ததும், இரண்டையும் அருகருகே எழுதி எனக்கு அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால், கொழுந்தனாரிடம் காட்ட அந்த ஒரு பக்கமே போதும்.